இரவு நடை நடத்துபவர்களே, அந்த வெள்ளை டார்ச்சை அணையுங்கள்

சிங்கப்பூரில் இரவு இயற்கை நடைகளை நடத்தும் குழுக்களுக்கும், இரவில் விலங்குகளைப் படமெடுக்கும் நண்பர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மரத்தில் இருக்கும் விலங்கின் முகத்தில் வெள்ளை டார்ச் அடிப்பதை நிறுத்துங்கள். ஃபிளாஷ் போடுவதையும் நிறுத்துங்கள். அதைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைக் குழுவுக்கு ஒன்றாவது வாங்குங்கள் என்கிறேன். அந்தக் கருவிகளைக் கையாளும் முறையை யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறேன். முயல் வேட்டைக்காரர்களிடம்.

சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கும் முயலைச் சுடுவதில் எந்த ஆசையும் கிடையாது. ஆனால் இரவில், வெளிச்சத்தில், ஒரு சின்ன விலங்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர்களைப் போலக் கவனித்தவர்கள் குறைவு.

தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அறுப்பு முடிந்த வயலிலும் கரம்புக் காட்டிலும் இறங்குவார்கள். வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டதும் முயல் ஓடாது. காதை விறைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். கிட்டே போய்க் கம்பால் அடிக்கிற வரைக்கும் நிற்கும் என்பார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம், இருந்தும் அங்கங்கே நடக்கிறது. அதை விடுங்கள். அந்த முயல் ஏன் நின்றது என்பதுதான் எனக்கு முக்கியம். இருட்டுக்காக அகலத் திறந்திருந்த கண்ணுக்குள் மொத்த வெளிச்சமும் ஒரே நொடியில் கொட்டுகிறது. எந்தப் பக்கம் போவது என்று அதற்குத் தெரியவில்லை. ஆபத்து வந்தால் அசையாமல் பதுங்கு என்று அதன் உடம்புக்குத் தெரிந்த பழைய பாடமும் சேர்ந்துகொள்கிறது. வேட்டைக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் லைட்டைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

இப்போது நம் இரவு நடைக்கு வாருங்கள். மரத்தண்டில் கொலுகோ என்ற மரவாழ் விலங்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துப் பதினைந்து டார்ச்சுகள் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுகின்றன. அது அசையவில்லை. வழிகாட்டி சிரித்துக்கொண்டே, “பாருங்க, எவ்வளவு அழகா போஸ் கொடுக்குது” என்கிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். இதே சொற்களை நான் வெவ்வேறு குழுக்களிடம் கேட்டிருக்கிறேன். கரம்பில் நின்ற முயலும் அப்படித்தான் போஸ் கொடுத்தது.

கொலுகோ இரவில்தான் மரம் விட்டு மரம் தாவி மிதந்து போகும். நூறு மீட்டருக்கு மேல்கூட ஒரே வீச்சில் போகக்கூடியது. எங்கே இறங்கப்போகிறோம் என்று இருட்டில் அளந்து பார்க்கிற கண் அது. பல நேரம் வயிற்றில் குட்டியும் ஒட்டிக்கொண்டிருக்கும். இருட்டான அறையில் நம் கண்ணே முழுதாகப் பழகுவதற்கு அரைமணி நேரம் பிடிக்கும், ஒரு நொடி வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். நாம் நகர்ந்த பிறகு அந்தக் கொலுகோ எவ்வளவு நேரம் குருடாக உட்கார்ந்திருக்கும் என்று யாராவது திரும்பி நின்று பார்த்ததுண்டா? நாம்தான் அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறோமே.

தேவாங்கு இன்னும் மோசமாகப் பாதிக்கப்படக்கூடியது. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளி விழித்திரையை ஒருமுறை கடந்து, அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பி, இன்னொரு முறையும் கடக்கும். நட்சத்திர வெளிச்சத்தைக்கூட வீணாக்காமல் இருக்க வந்த ஏற்பாடு. டார்ச் அடித்ததும் நாம் பார்த்து வியக்கும் அந்த ஆரஞ்சுப் பளபளப்பு, அதன் கண்ணைக் கடந்து திரும்பி வரும் நம்முடைய வெளிச்சமேதான். தேவாங்குகளை ஆராய்பவர்கள் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு போவது இதனால்தான். சிங்கப்பூரில் அது எண்ணி விடக்கூடிய அளவுக்கே மிஞ்சியிருக்கிற பிராணி. எங்கோ ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் செய்தி பரவி அடுத்த நாளே ஆள் கூடிவிடுகிறது.

சரி, முயலுக்குத் திரும்புகிறேன். இங்கே சொல்லப்போவது ஆஸ்திரேலியாவைப் பற்றி.

என் சித்தப்பா மகன் விக்டோரியா மாநிலத்தில் ஒரு ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அந்த மாநிலத்தில்தான் 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்துத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது உலகமே அறிந்தது. புல்லைத் தின்று, மண்ணைத் தோண்டி, கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியா 1901 முதல் 1907 வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வேலி போட்டுப் பார்த்தது. 1950இல் முயல்களைக் கொல்லும் மிக்சோமா என்ற கிருமியைப் பரப்பினார்கள். கொத்துக்கொத்தாகச் செத்தன, தப்பியவை எதிர்ப்புச் சக்தியோடு மறுபடி பெருகின. அங்கே முயல் தீங்குயிர். தன் நிலத்தில் அதைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் பொறுப்பு. அதனால் இரவில் சுடப் போகிறார்கள்.

முன்பெல்லாம் வண்டியின் மேல் பெரிய ஸ்பாட்லைட். கொஞ்ச காலத்தில் முயல்கள் பாடம் படித்துக்கொண்டன. வெளிச்சத்துக்குத் தப்பிப் பிழைத்தவை, தூரத்தில் விளக்கு அசைந்தாலே வளைக்குள் ஓட ஆரம்பித்தன. நம் ஊர்க்காரர்கள் சொல்லும் ‘நிற்கிற முயல்’ அங்கே ‘ஓடுகிற முயல்’ ஆனது. முதலில் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடி போட்டார்கள். முயலின் கண்ணில் நீலத்துக்கும் பச்சைக்கும்தான் நிறமறியும் செல்கள் உண்டு, சிவப்பு அதற்கு மிக மங்கல். அப்புறம்தான் இருட்டில் பார்க்க உதவும் நைட் விஷன் ஸ்கோப்பும், கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் அகச்சிவப்பு விளக்கும் வந்தன.

ஒருமுறை அவனோடு போயிருந்தபோது, துப்பாக்கியைத் தொடாமல், கையில் பிடித்துப் பார்க்கும் சின்னக் கருவியை மட்டும் வாங்கிப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு முன்னால் கறுப்பு. கருவிக்குள் மேட்டின் சரிவு முழுக்க முயல். ஒன்று பின்னங்காலால் காதைச் சொறிந்தது. இரண்டு குட்டிகள் ஒன்றையொன்று தாண்டி விளையாடின. வளை வாசலில் ஒன்று நின்று முன்னங்கால்களை நக்கி முகம் துடைத்துக்கொண்டது. அவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தும் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. நம் இரவு நடைகளில் நான் ஒரு தடவைகூட இப்படி ஒரு விலங்கைப் பார்த்ததில்லை. நாம் பார்ப்பதெல்லாம் வெளிச்சத்தில் உறைந்துபோன விலங்கை.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இப்போது கடைகளில் பரவலாகக் கிடைப்பது டிஜிட்டல் நைட் விஷன். உள்ளே இருப்பது கேமராவில் இருக்கும் அதே மாதிரி சென்சார்தான். சாதாரண கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு வடிகட்டி இருக்கும், இதில் இருக்காது. முழு இருட்டில் இதற்கும் ஒளி வேண்டும். அந்த ஒளியைக் கொடுப்பதுதான் ஐஆர், அதாவது அகச்சிவப்பு, விளக்கு. இது இரண்டு அலைநீளங்களில் அதிகம் வருகிறது: 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர். 850 தூரம் போகும், படமும் தெளிவு. ஆனால் விளக்கை நேருக்கு நேர் பார்த்தால் மங்கிய சிவப்புப் புள்ளி தெரியும். நமக்கே தெரிகிறது என்றால் எதிரே இருக்கும் விலங்குக்கும் தெரிய வாய்ப்பு உண்டு. 940இல் அந்தப் புள்ளி தெரியாது. பதிலுக்கு சென்சார் அந்த ஒளியைக் குறைவாகவே உணரும், அதனால் படம் மங்கும், தூரமும் குறையும். இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் முயலைத் தேடுகிறவருக்கு 850 தேவைப்படலாம். பாசிர் ரிஸ் சதுப்புநில நடைபாதையில் பத்துப் பதினைந்து மீட்டரில் மரத்தைப் பார்க்கிற நமக்கு 940 போதும். விற்பவர் “இதுதான் சார் ரொம்ப தூரம் தெரியும்” என்று 850ஐத் தள்ளினால் வாங்காதீர்கள்.

தெர்மல் வேறு வகை. அது எந்த ஒளியையும் வெளியே அனுப்பாது. உடம்பிலிருந்து வரும் வெப்பத்தை மட்டும் வாங்கிப் படமாக்கும். விலங்கைத் தொந்தரவு செய்யாமல் கண்டுபிடிக்க இதைவிட நல்லது கிடையாது. நம் ஊரின் ஈரக் காற்றிலும் சூடான இரவிலும் அதன் கூர்மை கொஞ்சம் குறையும், அடர்ந்த இலைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது, விலையும் கூடுதல். ஆனாலும் புதருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் மரநாய் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்துவிடும். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரம் மரமாக டார்ச் அடித்துத் துழாவும் வேலை மிச்சம்.

வேட்டைக்காரர்களிடமிருந்து இன்னும் சில பழக்கங்கள். ஐஆர் விளக்கை முழு வேகத்தில் போடமாட்டார்கள். மிகக் குறைவில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றுவார்கள். பக்கத்துப் புல்லில் ஒளி பட்டுத் திரும்பினால் படம் வெளுத்துப்போய் தூரத்தில் ஒன்றும் தெரியாது என்பதால், விளக்கைக் கருவியிலிருந்து கழற்றி, கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடிப்பார்கள். இலை நெருக்கமும் மழைத் தூறலும் உள்ள நம் பூங்காக்களில் இது ரொம்ப உதவும். சாதாரண டார்ச் அடிக்கும்போதுகூட, நடுவில் இருக்கும் கூர்மையான வட்டத்தை விலங்கின் மேல் போடமாட்டார்கள். அதன் ஓரத்தில் இருக்கும் மங்கல் வெளிச்சத்தால்தான் துழாவுவார்கள். அப்புறம், அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி: கண் பளபளத்தது என்பதற்காக அது முயல் என்று முடிவுகட்டாதே. ஆட்டுக்குட்டிக்கும் பளபளக்கும், பண்ணை வீட்டுப் பூனைக்கும் பளபளக்கும். முழு உருவமும் தெரிந்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்த பிறகுதான் விரல் விசைக்குப் போகும்.

கொல்லப் போகிறவர்கள் அந்த உயிருக்குத் தாங்கள் வந்ததே தெரியக்கூடாது என்று இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு போகிற நாம் ஆளுக்கு ஒரு ஹெட்லேம்ப்பை முழு வேகத்தில் எரியவிட்டுக்கொண்டு போகிறோம். இது எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கடிதம் எழுதக் காரணமே இதுதான்.

மங்கலாக இருந்தால் மக்கள் வரமாட்டார்கள் என்று ஒரு நடத்துநர் என்னிடம் வாதாடினார். அவருக்கு மண்டாயைக் காட்டுகிறேன். அங்கே இருக்கும் இரவு விலங்குத் தோட்டமான நைட் சஃபாரி 1994இல் திறந்தது. நிலா வெளிச்சம் போலத் தோன்றும் மங்கல் விளக்குகளில்தான் அன்றிலிருந்து இன்றுவரை நடக்கிறது. ஃபிளாஷ் போட அனுமதி கிடையாது. உலகம் முழுவதிலிருந்தும் காசு கொடுத்து மக்கள் வந்து அந்த மங்கலில் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அடைப்புக்குள் மனிதருக்குப் பழகிய விலங்குக்கே அந்த மரியாதை என்றால், வெளியே தன் பாட்டுக்கு வாழும் மரநாய்க்கும் ஆந்தைக்கும் ஏன் இல்லை?

சிவப்பு விளக்கு போதாதா என்று கேட்பீர்கள். வெள்ளையைவிட எவ்வளவோ மேல், உடனே கைக்கு எட்டுவதும் அதுதான். டார்ச்சின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாலே வேலை முடிந்தது. ஆனால் அதை மந்திரம் மாதிரி நம்பவேண்டாம். பறவைகளுக்குச் சிவப்பு தெரியும். சிவப்புத்தானே என்று பத்துப் பேர் சேர்ந்து பக்கத்திலிருந்து அடித்தால் அதுவும் தொல்லையே. ஒருவர் கையில் மட்டும் விளக்கு, அதுவும் குறைவாக, அதுவும் சில நொடி. மற்றவர்களின் டார்ச் தரையைப் பார்க்கட்டும். பாம்பு, வேர், வழுக்கும் பலகை என்று பார்த்து நடக்கத் தரை வெளிச்சம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே கிடையாது.

அகச்சிவப்புக்கும் ஒரு எல்லை உண்டு. விலங்குக்குத் தெரியவில்லை என்பதற்காகக் கூட்டுக்கு நேர் கீழே போய் ஒரு மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தமில்லை. நம் பேச்சு அதற்குக் கேட்கும், நம் வாடை தெரியும், கொசுமருந்தின் நெடி தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் நம் இமையும் தானாக மூடாது, அதனால் பலமான ஐஆர் விளக்கைப் பிள்ளைகள் முகத்துக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. லேசர் வகை ஐஆர் விளக்கு நமக்கு வேண்டவே வேண்டாம். கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டே நடக்கவும் கூடாது. நின்று பார்த்து, இறக்கி, பிறகு நடக்க வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்பை நாம் வாங்கவே கூடாது. இது சிங்கப்பூர். துப்பாக்கிச் சட்டம் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்கீழ் அனுமதியில்லாமல் விலங்கைக் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, உணவு கொடுப்பதுகூடக் குற்றம், உணவு கொடுத்ததற்கே முதல் தடவைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். கையில் பிடித்துப் பார்க்கும் ஒற்றைக்கண் கருவி நமக்குப் போதும். அதையும் வீவக புளோக்குகளின் ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள். பூங்காவை ஒட்டியே மக்கள் குடியிருக்கும் ஊர் இது. இருட்டில் ஒருவர் எதையோ கண்ணில் வைத்துக்கொண்டு நின்றால் போலீசுக்குத் தகவல் போவது நியாயம்தான். கேட்பவர்களிடம் கருவியைக் கொடுத்து மரத்தைக் காட்டுங்கள், பார்த்துவிட்டு அவர்களும் நம் பக்கம் வந்துவிடுவார்கள். புக்கிட் தீமா போன்ற இயற்கைக் காப்பகங்கள் மாலை 7 மணிக்கு மூடிவிடும். நைட் விஷன் கையில் இருக்கிறது என்று அங்கே உள்ளே நுழைய யாருக்கும் உரிமை வந்துவிடாது.

படமெடுக்கும் நண்பர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது. நிறம் போய்விடும். வெள்ளையும் கறுப்புமாக, கொஞ்சம் மணல் தூவியது போன்ற படம்தான் கிடைக்கும். ஆனால் நீங்கள் தோளில் சுமக்கும் நீண்ட லென்ஸ் ஒன்றின் விலையைவிட ஒரு டிஜிட்டல் நைட் விஷன் கருவியின் விலை குறைவு. ஆந்தை தன் குஞ்சுக்கு எலியைக் கிழித்து ஊட்டுவதை இடையூறில்லாமல் ஒரு நிமிடம் வீடியோவாக எடுத்துப் பாருங்கள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் விழி பிதுங்கி நிற்கும் ஆந்தையின் படம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. ஒரு பூங்காவில் கூட்டை விட்டு இறங்கிய ஆந்தைக் குஞ்சு ஒன்றைச் சுற்றி ஃபிளாஷ் வெட்டிக்கொண்டே இருந்ததையும், தாய் ஆந்தை இரையைக் காலில் பிடித்தபடி பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் எனக்குத் தெரிந்தவர்கள். அந்தக் குஞ்சு பசியோடு இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சாலையோரம் பார்க்கும் விலங்கு விஷயத்தில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடும். எறும்புதின்னியான அழுங்கு காரில் அடிபட்டுச் சாவது நம் ஊரில் நடக்கிற ஒன்று. ரோட்டோரத்தில் அதைக் கண்டதும் எல்லோருமாக டார்ச் அடித்து அதைக் குழப்பிவிட்டால், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே மட்டுமாவது எல்லா விளக்கையும் உடனே அணைத்துவிடுங்கள்.

தேசியப் பூங்காக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். இரவு நடை வழிகாட்டிகளுக்குத் தரும் பயிற்சியில் வெளிச்சத்துக்கென்று ஒரு பகுதி வையுங்கள். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எத்தனை விளக்கு, எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். ‘விலங்கைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்ற பொதுவான வாசகத்தை எல்லோரும் மதிக்கிறார்கள், டார்ச் அடிப்பதைத் தொந்தரவு என்று நினைக்கத்தான் மறந்துவிடுகிறார்கள். பள்ளிகளுக்கும் சமூக மன்றங்களுக்கும் இரவல் கொடுக்க நாலைந்து கருவிகள் இருந்தாலும் பெரிய உதவி.

குழு நடத்தும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. அடுத்த நடைக்கான அறிவிப்பில் ‘வெள்ளை டார்ச் தரைக்கு மட்டும், ஃபிளாஷ் வேண்டாம்’ என்று ஒரு வரி சேருங்கள். நடை தொடங்கும் இடத்திலேயே எல்லோரையும் ஐந்து நிமிடம் விளக்கணைத்து நிற்கச் சொல்லுங்கள், கண் பழகட்டும். குழுவில் பணம் சேர்த்து 940 நானோமீட்டர் விளக்கோடு ஒரு கருவி வாங்குங்கள். வாங்கும் வரைக்கும் என்னிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு வருகிறேன். பாசிர் ரிஸ் என்றாலும் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கப் பூங்கா என்றாலும் சரி, வரிசையில் நின்று பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நடைகளில் கடைசி வரிசையில் வரும் ஒருத்தி